புதுப்பிப்பு: தமிழ் பிடிஎஃப்களில் ஏஜென்ட் தேடும் விஷயம்

"கொள்முதல்" என்ற சொல் கண்ணெதிரே இருக்கும் பிடிஎஃப்களில், ஏஐ ஏஜென்ட் "ரிப்கிரெப்-ஆல்" (ripgrep-all: ரிப்கிரெப் என்ற உரைதேடும் கருவியை வைத்து பிடிஎஃப்களுக்குள்ளும் தேடும் கருவி) கொண்டு தேடிவிட்டு "இல்லை" என்கிறதே, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

யூனிகோடில் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ரிப்கிரெப் இரண்டையும் ஒன்றாகக் கருதாது. இப்போது பிடிஎஃப்களிலிருந்து உரையைப் பிரித்து, பைதானின் யூனிகோட்டேட்டா (unicodedata) மாட்யூல் மூலம் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது ஒகரக்குறி ஒரே குறியீடாக இருக்கும் வடிவத்துக்கு, மாற்றி, தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். ஏஜென்ட் அங்கேதான் தேடுகிறது. தேடும் சொல்லும் அதே வடிவத்தில் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது புள்ளி. "கொள்முதல்" என்று தேடினால் "கொள்முதலுக்கு", "கொள்முதலில்" எதுவும் சிக்காது. லகரத்தின் மேல் அங்கே புள்ளி இல்லை. புள்ளியை எடுத்துவிட்டு "கொள்முதல" என்று தேடினால் எல்லாம் வருகிறது. மகர ஈற்றுச் சொற்களுக்கு இதுவும் போதாது: "திட்டம்", "திட்டத்தை" இரண்டும் வேண்டுமானால் "திட்ட" வரை வெட்ட வேண்டும். தேவையில்லாத வரிகளும் வரும், பரவாயில்லை, ஏஜென்ட் படித்துக் கழித்துவிடும். விட்டுப்போவதுதான் ஆபத்து. இதை ஏஜென்ட்டின் அறிவுறுத்தலிலேயே எழுதிவிட்டேன்.

அப்புறம், பைதானின் ரெகெக்ஸில் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை; re மாட்யூல்) \w என்ற சொல்லெழுத்துக் குறி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சேர்க்காது. "தமிழ்" அதில் "தம", "ழ" என்று உடைந்துவிடும். ரிப்கிரெப்பில் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு முதலில் ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றுவது) வேண்டும். அந்த வேலை இன்னும் பாக்கி.