பைதன் லொகிங்: தமிழ்ப் பெயர் வந்தால் மட்டும் லொக் வரி விழேல்லை, உதவி வேணும்

நிலாவெளிப் பொடியன்:
வணக்கம். நிலாவெளியில இருந்து புறாத்தீவுக்கு ஆக்களை ஏத்துற படகுக்காரருக்கு முன்பதிவு எழுதுற சின்ன புரோகிராம் ஒண்டு செய்து குடுத்திருக்கிறன். பைதன் 3.11, விண்டோஸ் 10. நடக்கிறதை வரிவரியா (லொக்) பதியிற லொகிங் மொடியூல், அதைப் பைலில எழுதுற சாதாரண பைல்ஹாண்ட்லர். கறுப்பு விண்டோ வராமல் இருக்க பைதன்டபிள்யூவில ஓடவிட்டிருக்கு.

பெயர் இங்கிலிஷில இருந்தால் வரி ஒழுங்கா விழுது. தமிழிலயோ சிங்களத்திலயோ இருந்தால் அந்த வரியே இல்லை. டேட்டாபேஸில பெயர் சரியா இருக்கு. எரர் ஒண்டும் வரேல்லை. ஆர் காசு கட்டினது எண்டு தகராறு வந்தால் நான் பார்க்கிறது இந்த லொக்கைத்தான். எங்கட சனத்தின்ர பெயர்தான் அதில இல்லை.

இன்னொண்டு, விழுற வரியும் சிலவேளை ரெண்டு மூண்டு தரம் விழுது. மே மாசம் சீசன் தொடங்க முதல் சரிப்படுத்தவேணும்.

உவர்மலை:
லெவலை, எவ்வளவு முக்கியமான வரியில இருந்து எழுதுறது எண்டதை, பார்த்தீங்களா தம்பி? எல்லாத்துக்கும் மேல இருக்கிற ரூட் லொகர் தானாக வோர்னிங்கில இருக்கும், அதுக்குக் கீழ உள்ள இன்ஃபோ எல்லாம் விழாது.

நிலாவெளிப் பொடியன்:
இன்ஃபோதான் வைச்சிருக்கிறன் அண்ணா. இங்கிலிஷ் பெயரும் அதே இன்ஃபோ வரியிலதான் வருது.

மட்டுநகர் அக்கா:
அப்ப லெவல் இல்லை. பைதன்டபிள்யூவை விட்டுட்டு கொமாண்ட் விண்டோவில பைதன் எண்டு அடிச்சு ஓடவிட்டு, ஒரு தமிழ்ப் பெயரைப் பதிஞ்சு பாருங்கோ. என்ன வருது எண்டு அப்படியே போடுங்கோ.

நிலாவெளிப் பொடியன்:
வந்தது அக்கா! "--- லொகிங் எரர் ---" எண்டு தொடங்கி நீளமா ஓடுது, இடையில "யூனிகோட்என்கோட்எரர்: 'சார்மாப்' கோடெக்" எண்டு நிக்குது.

மட்டுநகர் அக்கா:
அதுதான் விசயம். என்கோடிங், அதாவது எழுத்தை எண்ணாக்கி எழுதுற முறை, சொல்லாமல் பைலைத் திறந்தால் பைதன் 3.11 விண்டோஸின்ர கோட்பேஜை (அதின்ர எழுத்துப் பட்டியலை) எடுக்கும். எங்கட மெஷின்களில அது பெரும்பாலும் சிபி1252. அதில தமிழுக்கும் இடமில்லை, சிங்களத்துக்கும் இடமில்லை.

லொக் எழுத முடியாமல் போனதுக்காக புரோகிராம் நிக்கக்கூடாது எண்டுதான் இந்த லைப்ரரியைக் கட்டியிருக்கினம். பிழையைப் பிடிச்சு, பிழைச் செய்தி போற இடமான ஸ்டாண்டர்ட் எரரில எழுதிப்போட்டு மேல போகும். பைதன்டபிள்யூவில ஸ்டாண்டர்ட் எரரே கிடையாது, அதால உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை.

பைல்ஹாண்ட்லருக்குள்ள என்கோடிங்="யுடிஎஃப்-8" எண்டு சேருங்கோ, அதில எல்லா மொழி எழுத்தும் அடங்கும். ஆனால் பழைய பைலில தொடர்ந்து எழுதாதேங்கோ. பிரெஞ்சுக்காரரின்ர பெயரில வாற தலைக்கோடு போட்ட எழுத்துகள் அதில சிபி1252 ஆகக் கிடக்கும், ரெண்டும் கலந்தால் பிறகு வாசிக்கேலாது. புதுப் பெயரில பைல் தொடங்குங்கோ.

ரெண்டு தரம் விழுறதுக்கு: லொகரில ஹாண்ட்லரைச் சேர்க்கிற அட்ஹாண்ட்லர் எந்த இடத்தில இருக்கு?

நிலாவெளிப் பொடியன்:
முன்பதிவு விண்டோ திறக்கிற பங்ஷனுக்குள்ள.

மட்டுநகர் அக்கா:
அப்ப விண்டோ திறக்கிற ஒவ்வொரு தரமும் ஒரு ஹாண்ட்லர் கூடுது. லொகரை எடுத்துத் தாற கெட்லொகரை எத்தனை தரம் கூப்பிட்டாலும் ஒரு பெயருக்கு ஒரே லொகர்தான் வரும், அதில பழைய ஹாண்ட்லர் எல்லாம் அப்படியே தொங்கும். மூண்டாம் தரம் திறந்தால் மூண்டு வரி. அட்ஹாண்ட்லரை புரோகிராம் தொடங்கிற இடத்தில ஒருக்கா மட்டும் வையுங்கோ. மற்ற இடமெல்லாம் கெட்லொகர் காணும்.

அதே இடத்தில சிஸ்.எஸ்டிடிஎரரை (அந்த ஸ்டாண்டர்ட் எரர்தான்) ஒரு டெக்ஸ்ட் பைலுக்குத் திருப்பிவிடுங்கோ, அதுக்கும் யுடிஎஃப்-8. இனி லொகிங் எங்கயாவது சறுக்கினால் அதில விழும்.

நிலாவெளிப் பொடியன்:
ரெண்டும் சரி அக்கா. தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூண்டிலயும் பதிஞ்சு பார்த்தன், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிதான். பெரிய உதவி. பைல் பெருத்துக்கொண்டு போகாமல் இருக்க, ஒரு அளவு வந்ததும் புதுப் பைல் தொடங்கிற ரொட்டேட்டிங்பைல்ஹாண்ட்லர் போடலாமோ? அந்த அளவைச் சொல்லுற மெக்ஸ்பைட்ஸ் மட்டும் குடுத்தால் காணுமா?

உவர்மலை:
காணாது தம்பி. எத்தனை பழைய பைலை வைச்சிருக்கிறது எண்டு சொல்லுற பேக்கப்கவுண்டும் குடுக்கவேணும். அது 0 ஆக இருந்தால் பைல் சுழலாது, பெருத்துக்கொண்டே போகும். விண்டோஸில இன்னொரு கவனம்: அதே பைலை வேற புரோகிராம் ஒண்டு பிடிச்சுக்கொண்டிருந்தால், சுழலுறதுக்காகப் பழைய பைலின்ர பெயரை மாத்த விடாது, பெர்மிஷன்எரர் வரும். ஒரு பைலுக்கு ஒரு புரோகிராம் எண்டு வையுங்கோ. என்கோடிங்கை இந்த ஹாண்ட்லருக்கும் திரும்பக் குடுக்க மறக்காதேங்கோ.