போனைக் கையில் வாங்காமல் பார்த்த நாற்பது நிமிடம்

மொபைல் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. பத்து வருடம் ஆகிறது. போன நவம்பரில் கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் தன் போனை நீட்டினார். "கரண்ட் பில் கட்டணும்டா. நேத்துலேர்ந்து முட்டிக்கிட்டு இருக்கேன்." வழக்கமாக "குடுங்க பெரியப்பா" என்று வாங்கி, இரண்டு நிமிடத்தில் கட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அன்று கை முழுக்க ரசம் சாதம். "நீங்களே பண்ணுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பெரியப்பாவுக்கு 74 வயது. முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மாசக் கடைசியில் பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் இன்றும் மனக்கணக்குதான். 'வயசாயிடுச்சு, புரியலை' என்ற பேச்சுக்கே அவரிடம் இடமில்லை.

முதலில் விரல். வங்கிச் செயலியில் ஒரு பட்டனைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தித் தொட்டார். அழுத்தும்போது விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுகிறது. போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு மெனுவைத் திறந்தது. அதை மூடப் போய் மறுபடி முதல் பக்கத்துக்கே வந்துவிட்டார். அப்புறம் புத்தகம் புரட்டுகிற மாதிரி விரலை நாக்கில் வைத்துக்கொண்டு தொட்டார். திறந்தது. இந்தப் பழக்கத்தை எத்தனையோ முறை பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். தொடுதிரை வேலை செய்வது நம் தோல் மின்சாரத்தைக் கடத்துவதால்தான். வயதாக ஆகத் தோல் வறண்டுவிடும். தொட்டாலும் சில சமயம் திரைக்குத் தெரியாது. அதற்கு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார், வடிவமைப்பாளனான எனக்கு அது தெரியவில்லை.

அடுத்தது எழுத்து. போனில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருந்தார். அப்படிப் பெரிதாக்கியதும் 'தொடர்க' என்ற பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது. கீழே இன்னும் இருக்கிறது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. பக்கம் அதோடு முடிந்தது என்று நினைத்து அப்படியே காத்திருந்தார். இன்னொரு இடத்தில் 'கீழே' என்ற சொல்லில் கீயின் மேல் சுழி வெட்டுப்பட்டு, 'கழே' மாதிரி தெரிந்தது. வரி உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து பூட்டி வைத்தால் தமிழின் மேல் சுழிக்கு இடம் இருக்காது. பெரிய எழுத்தில் ஒரு முறையாவது தமிழை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது உடனே தெரியும். யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் ஓடிபி. ஆறு எண்களும் திரைக்கு மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டன. செயலியை விட்டு வெளியே வந்து, மெசேஜைத் தேடி, நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டார். திரும்பிப் போனால் நேரம் முடிந்துவிட்டது. மூன்று முறை இப்படியே. ஒவ்வொரு முறையும் "எனக்குத்தான் வரலை" என்றார். இதைக் கேட்டபோது சாப்பாடு இறங்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் நான் வடிவமைத்த செயலியைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்யும் செயலி அது, பாதிப் பேர் முதியவர்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வைத்திருந்தேன், கண்ணுக்கு மென்மையாக இருக்கிறது என்று. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதத்தை அளந்தால் 2.85-க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 என்பதற்குக் குறையக் கூடாது என்று, இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வலை அணுகல் வழிகாட்டி 2008-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதில் சேர்வதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணின் வில்லையும் மஞ்சளாகிவிடும். நான் 'மென்மை' என்று நினைத்தது அவர்களுக்கு வெறும் வெள்ளைத் தாள்.

போனைப் பிடுங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இங்கே எத்தனையோ பேர் இருப்பீர்கள். பிடுங்கப்பட்டவர்களும் இருப்பீர்கள். என்ன பார்த்தீர்கள், என்ன நடந்தது, எழுதுங்கள்.

*

மதுரையிலிருந்து எழுதுகிறேன், வங்கி ஊழியன், பிறவியிலேயே பார்வை இல்லை.

பிடுங்கப்படுவதைப் பற்றிக் கேட்டீர்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் போட்டிருக்கும் போனில் ஒரு விரலால் தள்ளித் தள்ளித்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு நகர்வோம், வேண்டியது வந்ததும் இரண்டு தட்டு. இது தெரியாத ஒருவர் உதவி செய்கிறேன் என்று வாங்கி ஒரு தட்டுத் தட்டினால் அவருக்கும் வேலை நடக்காது, எனக்கும் இருந்த இடம் தொலைந்துவிடும். திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். எங்கே நிற்கிறேன் என்பது என் மனத்தில் ஒரு தெரு மாதிரி இருக்கிறது. அதைக் கலைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நான் பயன்படுத்தும் ஒரு செயலி போன வருடம் நன்றாக வேலை செய்தது. புதுப்பித்த மறுநாள் "பட்டன், பட்டன், பட்டன்" என்றே வாசித்தது. படங்களுக்குப் பெயர் வைக்கவில்லை. எது பணம் அனுப்பும் பட்டன், எது வெளியேறும் பட்டன் என்று தெரியாமல் மூன்று மாதம் தம்பியின் தயவில் இருந்தேன். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சொல் எழுதியிருந்தால் போதும்.

அப்புறம் கார்டு மெஷின். பழைய மெஷினில் 5-ஆம் எண்ணின் மேல் ஒரு சின்னப் புள்ளி தட்டுப்படும். அதை வைத்தே மற்ற எண்களை எடுத்துவிடுவேன். இப்போது பல கடைகளில் வழவழப்பான கண்ணாடி. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது என் ரகசிய எண்ணைக் கடைப் பையனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று, பின்னால் வரிசையில் பத்துப் பேர். வங்கியில் வாடிக்கையாளர்களிடம் "யாருக்கும் பின் சொல்லாதீர்கள்" என்று தினமும் சொல்கிறவன் நான்.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. பழைய பாமினி எழுத்துருவில் ஏற்றிய பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியுமாம். உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். 'தமிழ்' என்ற சொல்லையே என் திரைவாசிப்பான் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று வாசிக்கும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழையவை அப்படியே கிடக்கின்றன. புதிய ஆவணங்களையோ அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, படமாக ஏற்றுகிறார்கள். அதில் வாசிக்க ஒரு எழுத்து கூட இருக்காது.

*

குன்னூர் பக்கம். அம்மா முப்பது வருடம் தேயிலை பறித்தவர். கட்டைவிரலில் ரேகையே இல்லை, கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க ஒரு சேவை மையத்துக்கு அழைத்துப் போவேன். அங்கே கையைத் துடைக்கச் சொல்வார்கள், எண்ணெய் தடவச் சொல்வார்கள், எல்லா விரலையும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வார்கள். அம்மா திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி நிற்பார். எனக்கு அழுகை வரும்.

2021 நவம்பரில், மத்திய அரசின் டிஜிட்டல் உயிர்வாழ் சான்றுத் திட்டமான ஜீவன் பிரமாணில் முகத்தைக் காட்டிச் சான்று எடுக்கும் வசதி வந்தது எங்களுக்குப் பெரிய விடுதலை. வீட்டு ஜன்னல் ஓரத்திலேயே முடிந்தது. ஆனால் முகம் பார்க்கிற எந்த முறையும் எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சில செயலிகள் ஆள் உயிரோடு இருப்பதை உறுதி செய்யக் கண் சிமிட்டச் சொல்கின்றன. ஆசிட் வீச்சில் இமை சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? அவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. சிமிட்டுவதற்கு மாற்று வழியும் வைக்கச் சொன்னது. விரல், முகம், கண், எதுவாக இருந்தாலும் இரண்டாவது வழி ஒன்று வேண்டும். எங்கள் வீட்டில் நாங்கள் படித்த பாடம் இதுதான்.

*

என் தங்கைக்குக் காது கேட்காது. நிரந்தர வேலை, சொந்தச் சம்பளம், சொந்தக் கணக்கு. கார்டு தொலைந்தால் அதை நிறுத்த 'இந்த எண்ணை அழைக்கவும்' என்று மட்டும் இருந்தது. நான் அழைத்தால் "கணக்கு உங்களுடையதா?" என்கிறார்கள். அவளைப் பேசச் சொல்கிறார்கள். எழுத்தில் அனுப்ப ஒரு பெட்டி வைத்தால் முடிந்துபோகிற விஷயம்.

*

முதல் பதிவை எழுதியவன்தான். எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

இதுவரை மாற்றியது: எழுத்து கருப்பாகிவிட்டது. ஓடிபிக்கு முப்பது நொடியைப் பத்து நிமிடமாக்கினோம், மெசேஜிலிருந்து தானாகவே நிரம்பிவிடும், நகலெடுத்து ஒட்டவும் விடும். அதே டபிள்யூ3சி வழிகாட்டியின் 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பும் இதைத்தான் கேட்கிறது: உள்ளே நுழைவதற்கு நினைவாற்றல் தேர்வு வைக்காதே என்று. பட்டன்களை விரல் தவறாமல் படும் அகலத்துக்கு வளர்த்தோம். நீண்ட அழுத்தத்துக்கு இனி எந்த வேலையும் இல்லை, எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒரு தொடுதல்தான். மதுரை நண்பர் எழுதியதைப் படித்த அன்று இரவே டாக்பேக்கைப் போட்டுத் திரையை அணைத்துவிட்டு எங்கள் செயலியைக் கேட்டேன். பதினான்கு இடத்தில் "பட்டன்" என்று மட்டும் சொன்னது. பதினான்குக்கும் தமிழில் பெயர் வைத்தாகிவிட்டது. அவை சரிதானா என்று நான் சொல்ல முடியாது, நண்பரே. உங்களுக்கு நேரம் இருந்தால் ஒரு முறை கேட்டுச் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு ஊதியம் கொடுக்க நிறுவனத்தில் சம்மதம் வாங்கிவிட்டேன். வாடிக்கையாளர் உதவிக்கு எழுத்துப் பெட்டி எங்களிடமும் இல்லை. அந்த வேலை இந்த வாரம் தொடங்குகிறது.

பெரியப்பாவுக்குப் புதிய திரைகளைத் தாளில் அச்செடுத்து அனுப்பியிருந்தேன். சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்பினார், பதினொரு வட்டம். 'சமர்ப்பி' என்ற இடத்தில் 'அனுப்பு' என்று எழுதியிருந்தார். 'உள்ளீடு செல்லாது' என்ற இடத்தில் இரட்டை வட்டம். போனில் கேட்டேன். "எது செல்லாதுன்னு சொல்ல வேண்டாமா? பையன் பேப்பர்ல வெறும் பெருக்கல் குறி போட்டுக் குடுத்தா அவன் எந்த வரியைத் திருத்துவான்?" என்றார். இப்போது அந்த இடத்தில் 'போன் எண்ணில் ஒரு எண் குறைகிறது' என்று வருகிறது.

ஒன்பது வட்டங்களைச் சரிசெய்துவிட்டோம். மீதி இரண்டு எனக்குப் புரியவில்லை. போனில் அவர் சொல்லியும் புரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போகிறேன், அவர் தொடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க.