1960களின் அமெரிக்கப் பெண்கள் பாட்டுக்குழு சுப்ரீம்ஸில் பாடிய ஃப்ளோரன்ஸ் பாலர்ட் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டார்?

மூன்றாம்வரிசை:
சுப்ரீம்ஸின் இசைத்தட்டு நிறுவனம் மோட்டவுன். டெட்ராய்டில் அதன் அருங்காட்சியகம் போனவர்களுக்கு அங்குள்ள ஒலிப்பதிவு அறை, ஸ்டுடியோ ஏ, தெரியும், விவரிக்கவில்லை. எல்லாரும் சுப்ரீம்ஸ் மாதிரி கையை நீட்டி 'ஸ்டாப்' காட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியம்மா ஒருவர் மட்டும், அங்கிருந்த குழுப் படத்தில் ஃப்ளோரன்ஸின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "குழுவுக்குப் பேர் வைத்ததே இவள்தான், தெரியுமா?" என்றார். அப்படி ஒரு கோபம். 1961இல் மோட்டவுனுடன் ஒப்பந்தம் போட்டபோது பட்டியலிலிருந்து பெயரை எடுத்தது ஃப்ளோரன்ஸ்தான் என்பது எனக்கும் தெரியும். குழுவிலிருந்து அவரை வெளியேற்றிய பிறகு, தனியாகப் பாடும்போது சுப்ரீம்ஸ் பெயரையே விளம்பரத்தில் சொல்லக் கூடாது என்று மோட்டவுன் எழுதி வாங்கியதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசித்தது அன்றைக்குத்தான். இன்னும் மனசு ஆறவில்லை.

டேப்புக்காரன்:
அடுத்து குழுவின் முன்குரல் டயானா ராஸைத் திட்ட வந்துவிடுவீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்: 1967இல் ஃப்ளோரன்ஸுக்குப் பதிலாகச் சிண்டி பேர்ட்சாங்கைக் கொண்டுவந்தது மோட்டவுன் முதலாளி பெரி கோர்டி. ஃப்ளோரன்ஸ் குடித்ததும் நிகழ்ச்சிகளைத் தவறவிட்டதும் நடந்தவைதான்.

என்னுடையது சின்ன விஷயம். நியூயார்க் கோபகபானா இரவு விடுதியில் சுப்ரீம்ஸ் பாடிய கச்சேரிப் பதிவு, 1965. தங்கம் சந்தோஷம் தராது என்று டயானா பாட, ஃப்ளோரன்ஸ் குறுக்கே புகுந்து, கொஞ்சம் இரும்மா, அதெல்லாம் எனக்குத் தெரியாது என்று ஒரு வெட்டு வெட்டுவார். பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வீடு கைவிட்டுப் போய், அரசு உதவிப் பணத்தில் மூன்று பெண்களை வளர்த்து, 1976இல் 32 வயதில் இறந்தார் என்று அப்புறம்தான் படித்தேன். இப்போது அந்த இடம் வந்தால் தள்ளிவிடுகிறேன்.

பக்கப்பாட்டு:
"குடித்ததும்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்களே டேப்புக்காரன்? பதின்ம வயதில் கத்திமுனையில் பலாத்காரம் செய்யப்பட்டவர் அவர். அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்வது நியாயமே இல்லை.

2007 கோல்டன் குளோப் மேடையில், சுப்ரீம்ஸ் கதையைத் தழுவிய 'ட்ரீம்கேர்ள்ஸ்' படத்துக்காக விருது வாங்கிய நடிகை ஜெனிஃபர் ஹட்சன் அதை ஃப்ளோரன்ஸுக்குச் சமர்ப்பித்தார். யார் இது என்று தேடினேன், அவ்வளவுதான் என் கதை.

புதியவர்களுக்கு: ஹிட் தொகுப்பில் ஆரம்பிக்காதீர்கள், அதில் அவர் பின்னால்தான் நிற்பார். முதலில் 'பட்டர்டு பாப்கார்ன்', 1961. முன்குரல் அவருடையது. அடுத்து, பாடகர் சாம் குக் நினைவாகச் சுப்ரீம்ஸ் பாடிய ஆல்பத்தில் 'குட் நியூஸ்'. போன் ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போடுங்கள். பிறகு ஹிட் பாட்டுகளுக்கு வந்து, டயானாவை விட்டுவிட்டுப் பின்குரல்களை மட்டும் பிடியுங்கள். கனமாக வருவதுதான் அவர். முதல் தடவை பிடிபடாது, விடாதீர்கள். ஒலியின் கனத்தையும் கூர்மையையும் மாற்றும் ஈக்வலைசரைத் தொடவே தொடாதீர்கள்.

மூன்றாம்வரிசை:
டேப்புக்காரனுக்குச் சொன்னது சரி. ஆனால் ஈக்வலைசரைப் பற்றி யார் கேட்டது?