இரைச்சல் இல்லாமலும் சேற்றில் இழுக்கக்கூடியதுமான லொறி ரயர் எது? அவசர உதவி தேவை

மல்லாவியான்:
வணக்கம் உறவுகளே. லொறிக்கு ரயர் மாற்ற வேண்டியிருக்கிறது. ஏ9 வீதியில் ஏறியதும் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடியாத அளவுக்கு இரைகிறது. தம்புள்ளைக்குப் போய்வந்தால் இரண்டு நாளைக்குத் தலையிடி. அதற்காக வழுவழுப்பான ரயரைப் போட்டால் மாரியில் வயற்பாதையில் தாழ்ந்துவிடும். பனிக்கும் சேற்றுக்கும் உகந்தது என்று பக்கத்தில் எழுதியிருக்கும் ரயரையே மறுபடியும் போடும்படி கடைக்காரர் சொல்கிறார். எதைப் போடலாம்? ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கியாக வேண்டும்.

பரந்தன் சந்தி:
என்ன லொறி, ரயரின் அளவு என்ன, பின்சில்லு ஒற்றையா இரட்டையா, ரயரின் உள்நார் அமைப்பு றேடியலா நைலோனா, எவ்வளவு பாரம் ஏற்றுகிறீர்கள் என்று ஒன்றையுமே நீங்கள் எழுதவில்லை. இவை தெரியாமல் சொல்லப்படும் எந்தப் பதிலும் குருட்டாம்போக்கில் சொல்வதாகவே இருக்கும்.

கராஜ் அண்ணை:
இரைச்சல் என்றதும் எல்லோரும் ரயரைத்தான் பிடிக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதி வாகனங்களில் சத்தம் வருவது சில்லுப் பெயாரிங்கில் இருந்துதான். ஆளில்லாத நேரான வீதியில் ஒரே வேகத்தில் போகும்போது ஸ்ரியறிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடி மறுபக்கம் சாயும்போது குறைந்தால் அது பெயாரிங். காபெற் வீதியில் ஒரு விதமாகவும் பழைய தார் வீதியில் வேறு விதமாகவும் இரைந்தால் அது ரயர். ஆறு ரயருக்குக் காசைக் கொட்டும் முன்னர் இதைச் செய்து பாருங்கள் தம்பி.

மூத்த சாரதி:
ரயர் பற்றி நான் இங்கே எத்தனையோ தடவை விளக்கமாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை இப்போது ஒருவருக்கும் இல்லை. லொறி ரயரில் மூன்று வகை உண்டு என்பதாவது தம்பிக்குத் தெரியுமோ என்னவோ. சில்லு உருளும் திசையில் நீளமாகக் கோடு ஓடுவது தார் வீதிக்கு உரியது. அது சத்தமின்றி ஓடும். குறுக்கே பெரிய கட்டைகள் இருப்பது சேற்றுக்கும் கல்லுக்கும் உரியது. ஒவ்வொரு கட்டையும் தாரில் அடிபடுவதோடு இடைப்பள்ளத்தில் சிக்கிய காற்றும் பிதுங்கி வெளியேறுவதால் அது இரையும். நடுவில் கோடும் ஓரங்களில் கட்டையும் உள்ளது கலப்பு வகை. முன்னுக்குக் கோடு, பின்னுக்குக் கலப்பு. இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

ரொறன்ரோ பாரவூர்தி:
கடைக்காரர் காட்டியது எம்+எஸ் என்ற எழுத்துகளாக இருந்தால் அவற்றை அதிகம் நம்ப வேண்டாம். அது சேறு, பனி என்பதன் சுருக்கமே தவிர, பள்ளங்களின் வடிவத்தைப் பார்த்து உற்பத்தியாளர் தாமே இட்டுக்கொள்ளும் குறி. மூன்று மலைமுகடும் நடுவில் பனித்துகளும் உள்ள குறிதான் வெண்பனியில் சோதித்த பிறகு இடப்படுவது. கியூபெக்கில் மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை கார்களுக்கு இத்தகைய குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே சாதாரண றப்பர் விறைத்துவிடும் என்பதால் குளிர்கால ரயரின் றப்பரை மென்மையாகச் செய்கிறார்கள்.

வன்னியில் நாங்கள் பனி என்று சொல்வது மார்கழி விடியலில் புல்லில் நிற்பதை. அதற்கு எந்த ரயரும் போதும்.

வெண்பனியில் ஓடும் ரயர் சேற்றிலும் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். வெண்பனி வெண்பனியோடு நன்றாக ஒட்டும். ஆகவே அந்த ரயரின் நுண்ணிய கீறல்கள் பனியைத் தமக்குள் பிடித்து வைத்துக்கொண்டே வீதியைப் பற்றுகின்றன. சேற்றில் நிலைமை நேர்மாறானது. பள்ளத்துக்குள் புகுந்த களிமண்ணை ரயர் அடுத்த சுற்றுக்குள் வீசி எறியாவிட்டால் அது மொட்டை ரயருக்குச் சமம்.

இரணைமடுக் காற்று:
ரயரை விடுங்கள், காற்றில்தான் விடயமே இருக்கிறது. நான் என்னுடைய கப் (பிக்அப்) வாகனத்தில் சேற்றுக்குள் இறங்கும் முன் காற்றை 20 பீ.எஸ்.ஐ. வரை இறக்கிவிடுவேன். ரயர் அகன்று பரவி, தாழாமல் போய்விடும். எந்த ரயருக்கும் இது பொருந்தும்.

மூத்த சாரதி:
கப் வாகனத்தில் சரிவருவதை லொறிக்குச் சொல்லாதீர்கள். நெல் மூடை ஏற்றிய லொறியில் அப்படிக் காற்றை இறக்கினால் ரயரின் பக்கச் சுவர் மடிந்து சூடேறிக் கிழியும். இல்லாவிட்டால் விளிம்பில் இருந்து கழன்றுவிடும். வயற்பாதையில் திரும்பக் காற்றடிக்க யார் வருவார்?

இரணைமடுக் காற்று:
வெறும் லொறியோடுதானே வயலுக்குள் போகிறார்கள்? இறங்கும்போது குறைத்து, ஏற்ற முன்னர் அடித்துக்கொள்ளலாம். சிறிய கொம்பிறசர் ஒன்று வைத்திருப்பது பெரிய காரியமா?

மூத்த சாரதி:
வெறும் லொறி தாழ்வதில்லை ஐயா. தாழ்வது ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது.

பரந்தன் சந்தி:
காற்றுச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் இன்னும் அளவைச் சொல்லவில்லை.

மல்லாவியான்:
மன்னிக்கவும், உரம் ஏற்றப் போயிருந்தேன். லொறி கன்ரர், பின்னுக்கு இரட்டைச் சில்லு. ரயரில் 205/85ஆர்16 117/115எல் என்று இருக்கிறது. வாகனம் ஜப்பானில் இருந்து வந்தபோது இருந்தவைதான் இன்னும் ஓடுகின்றன. பக்கத்தில் ஸ்ரட்லெஸ் என்ற ஆங்கில எழுத்தும் கடைசியில் 3112 என்ற இலக்கமும் உள்ளன. ஸ்ரியறிங்கை அசைத்துப் பார்த்தேன், சத்தம் மாறவில்லை.

ரொறன்ரோ பாரவூர்தி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுத வேண்டி வந்திருக்காது. ஸ்ரட்லெஸ் என்பது ஆணி இல்லாத பனிக்கால ரயர். 3112 என்றால் 2012 ஆம் ஆண்டின் 31 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வன்னி வெயிலில், பாரத்தோடு, மென்மையான றப்பர் நெளிந்து நெளிந்து சமமில்லாமல் தேய்ந்திருக்கும். உள்ளங்கையால் ரயரை முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் அரம் போலக் கீறினால் உங்கள் இரைச்சலின் மூலம் அதுதான். கடைக்காரர் போடச் சொல்லும் அதே வகையை மறுபடி வாங்க வேண்டாம்.

மூத்த சாரதி:
தம்பி, சரியாகக் கேட்டால் சரியாகச் சொல்வேன். மல்லாவியில் இருந்து மாங்குளம் வரையான உள்வீதி, பிறகு தம்புள்ளை வரை ஏ9 என்றால் உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி தார். ஆகவே முன்னுக்குக் கோட்டு றேடியல் இரண்டு. பின்னுக்குக் கலப்பு றேடியல் நான்கு. முழுக் கட்டை ரயர் உங்களுக்குத் தேவையில்லை. அது மழையில் நனைந்த தாரில் பிறேக் பிடிக்கும்போதும் நம்பிக்கை தராது. எந்த நிறுவனமானாலும் 117/115 க்குக் குறைந்ததை வாங்காதீர்கள். முதலாவது இலக்கம் ஒற்றைச் சில்லில் ரயர் ஒன்றுக்கு 1285 கிலோ, இரண்டாவது இரட்டையில் ரயர் ஒன்றுக்கு 1215 கிலோ என்று பொருள். ஒரே அச்சில் றேடியலையும் நைலோனையும் கலக்கக் கூடாது. காசு போதாமல் பின்னுக்கு இரண்டு மட்டும் புதிதாக வாங்கி, ஒவ்வொரு சோடியிலும் பழையதோடு ஒன்றைச் சேர்த்தால், உயரம் கூடிய புது ரயரே கூடுதல் பாரத்தைச் சுமந்து முதலில் வெடிக்கக்கூடும்.

களிமண்:
கிறவல் வீதிக்குக் கலப்பு வகை தாராளமாகப் போதும். ஆனால் வவுனிக்குளத்துக்குக் கீழே உள்ள களிமண் வயலில் காலபோக மழைக்குப் பிறகு எந்த லொறி ரயரும் இழுக்காது. நாங்கள் லொறியைக் கிறவலிலேயே நிறுத்திவிட்டு மூடைகளை உழவு இயந்திரப் பெட்டியில் வெளியே கொண்டுவருகிறோம். நீங்கள் எந்த மண்ணுக்குள் இறங்குகிறீர்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

கராஜ் அண்ணை:
ரயர் கழற்றும் நேரத்திலாவது பெயாரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். சொல்வது என் கடமை.

மல்லாவியான்:
எல்லோருக்கும் நன்றி. மூத்த சாரதி அண்ணா சொன்னபடி ஆறையும் மாற்றிவிட்டேன். பழையதைத் தடவியபோது அரம் போலத்தான் இருந்தது. இப்போது ஏ9 இல் கதைத்துக்கொண்டு போகலாம். சேற்றில் இன்னும் இறக்கவில்லை, மழை பிடிக்கவில்லை. கராஜ் அண்ணைக்கு: பின் இடது பெயாரிங்கும் கொஞ்சம் ஆடியது, அதையும் மாற்றினோம்.

கராஜ் அண்ணை:
நான் சொன்னேன் அல்லவா.

பரந்தன் சந்தி:
எந்த நிறுவனத்தின் ரயர், ஒன்று என்ன விலை, எங்கே வாங்கினீர்கள் என்றும் எழுதுங்கள். எனக்கும் அதே அளவுதான்.

பரந்தன் சந்தி:
மல்லாவியான், இருக்கிறீர்களா? மழையும் தொடங்கிவிட்டது.