பெயரோடு வேண்டும்: படுத்துவிட்ட ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை எடுக்க எந்த மென்பொருள்?

பேட்டை டிசைன்:

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என எல்லா பேனரும் செய்வேன். ஆனால் வாடகை கட்டுவது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். இறந்தவர் படம் என்று வீட்டார் கொண்டுவருவது பெரும்பாலும் ரேஷன் கார்டில் இருக்கும் தபால்தலை அளவு முகம். இல்லையென்றால் யாரோ வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் குரூப் போட்டோ. அதிலிருந்து தலையை வெட்டி, பாதி மூடிய கண்ணைத் திறந்து, சட்டை மாட்டி ஒரு முகத்தைக் கொண்டுவருவேன். அந்த பிஎஸ்டி (போட்டோஷாப்) கோப்பை மட்டும் அழிப்பதே இல்லை. வருஷம் திரும்பினால் நினைவு நாளுக்கு அதே வீட்டார் வந்து நிற்பார்கள். அதற்குள் அவர்கள் போன் மாறியிருக்கும், பழைய படம் போயிருக்கும். அப்பா முகம் என் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும்.

அந்த டிஸ்க்தான் படுத்துவிட்டது. 1 டிபி, யூஎஸ்பியில் செருகுவது, 2018-இல் வாங்கியது. போன செவ்வாய்க்கிழமை ஒரு ஃபோல்டரை காப்பி செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்து மூன்று மாதம் ஆகிறது. (திட்ட வேண்டாம், வீட்டிலேயே திட்டிவிட்டார்கள்.) மறுபடி செருகினால் டிரைவ் எழுத்து வருகிறது, திறந்தால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. கேன்சல் கொடுத்துவிட்டேன். சத்தத்தில் மாற்றம் இல்லை.

இலவசம் என்று போட்டிருந்த ஒரு மென்பொருளை இறக்கினேன். ஆறு மணி நேரம் ஸ்கேன் செய்து, படங்களைச் சின்னச் சின்னதாகக் காட்டிவிட்டு, சேவ் கொடுத்ததும் பணம் கேட்டது. கட்டியிருப்பேன். ஆனால் காட்டிய எதற்குமே பெயர் இல்லை, வெறும் எண்கள். நான் கோப்புக்கு வைப்பது இறந்தவர் பெயர், தெரு, தேதி. பெயர் போய்விட்டால் இருபதாயிரம் முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? பாதிப் பேர் முகம் எனக்கு நினைவிருக்கிறது, எந்த வீடு என்பது நினைவில்லை.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் 9000 ரூபாய் சொன்னார்கள், பார்த்த பிறகு கூடலாம் என்றார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவரின் அப்பாவுக்கு இன்னும் இருபது நாளில் நினைவு நாள். பெயரோடு எடுத்துத் தரும் மென்பொருள் ஏதாவது இருக்கிறதா?

எண்ணூர் வாசி:

விண்டோஸிலேயே டிஸ்க்கை சரிபார்க்க இருக்கிற செக்டிஸ்க் ஓட்டிப் பாருங்க தலைவா. எனக்கு பென்டிரைவ் ஒரு தடவை அதில்தான் சரியாச்சு. காசே செலவில்லை.

ராயபுரம் லினக்ஸ்:

செக்டிஸ்க் வேண்டவே வேண்டாம். ஃபார்மட் கேட்கிற டிரைவ் என்றால் விண்டோஸ் அதை ‘ரா’ என்று, அதாவது என்ன வடிவம் என்று புரியாத டிரைவாகப் பார்க்கிறது. ராவில் செக்டிஸ்க் ஓடவே ஓடாது. ஓடுகிற நிலையில் இருந்தாலும் அதன் வேலை டிரைவை ஒழுங்குபடுத்துவது, உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது அல்ல. சொந்தக்காரர் தெரியாத துண்டுகளை ‘ஃபவுண்ட்’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டு, எண் வைத்துவிட்டுப் போய்விடும். உங்களுக்கு எது வேண்டாமோ அதையே செய்யும்.

பெயர் ஏன் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், மென்பொருள் தேர்வு அதில்தான் இருக்கிறது. உங்கள் ஊர் சலவைக்காரர் துணி ஓரத்தில் குறி போடுவார் இல்லையா? துணி மூட்டை முழுசாக இருந்தாலும் குறி அழிந்துவிட்டால் எது யார் வீட்டுத் துணி என்று தெரியாது. என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகக் கோப்புகளை அடுக்கும் முறை) டிரைவில் அந்தக் குறி எல்லாம் எம்எஃப்டி என்ற ஒரே பட்டியலில் இருக்கும்: கோப்பின் பெயர், எந்த ஃபோல்டர், டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது. போட்டோரெக் மாதிரி மென்பொருள் இந்தப் பட்டியலைப் பார்க்காது. ஜேபெக் இப்படித்தான் தொடங்கும், பிஎஸ்டி இப்படித்தான் தொடங்கும் என்று தலைப்பை வைத்து டிஸ்க் முழுக்கத் தேடும். பட்டியல் நாசமான டிரைவுக்கு அதுதான் கதி, நல்ல மென்பொருள்தான். ஆனால் பெயர் வராது. பெரிய பிஎஸ்டி இரண்டு மூன்று இடத்தில் துண்டாகக் கிடந்தால் அதுவும் உடைந்துதான் வரும்.

உங்களுக்கு நடந்தது எழுதும்போது கரண்ட் போனது. பல நேரம் பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) முதல் பக்கமான பூட் செக்டர் மட்டும் கெட்டிருக்கும். பட்டியல் பத்திரமாக இருக்கும். அதனால் பட்டியலைப் படிக்கிற மென்பொருளை எடுங்கள். என் கை டிஎம்டிஇ பக்கம்தான் போகும். காசு கொடுத்தால் ஆர்-ஸ்டூடியோவும் நன்றாக இருக்கும். டெஸ்ட்டிஸ்க் முழுக்க இலவசம். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் பூட் செக்டருக்கு ஒரு நகல் இருக்கும். டெஸ்ட்டிஸ்க் அதை எடுத்து முன்னால் ஒட்டிவிடும். ஆனால் ஒட்டுவது என்றால் டிரைவில் எழுதுவது. அசல் டிரைவில் அதைச் செய்யாதீர்கள்.

எதற்கும் முன்னால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு டிரைவின் உடம்பைப் பாருங்கள். 05, சி5, சி6 வரிகளில் என்ன இருக்கிறது என்று இங்கே போடுங்கள்.

கொருக்குப்பேட்டை சர்வீஸ்:

மென்பொருளுக்கு முன்னாடி வயரை மாத்துங்க. பாதி ‘செத்த’ டிரைவ் என் டேபிளில் வயர் மாத்தினதும் எழுந்திருச்சு. டெஸ்க்டாப்பில் முன்பக்க யூஎஸ்பியை விட்டுட்டு பின்னாடி போர்டிலேயே இருக்கிற ஓட்டையில் செருகுங்க. டிக் டிக்னு சத்தம் எப்போ வந்தாலும் உடனே பிடுங்கிடுங்க. அது ஹெட் (தகட்டைப் படிக்கிற முனை) போன கேஸ், எந்த மென்பொருளும் ஆகாது, ஓட ஓட தகடு கீறும். அப்போதான் பெரிய லேபுக்கு காசு.

இன்னொண்ணு, கடல் பக்கத்துக் கடைன்னா உப்புக் காத்து சர்க்யூட் போர்டின் செப்புப் புள்ளிகளைக் கருப்பாக்கிடும். பார்த்திருக்கேன். அதுக்காக நீங்க ஸ்க்ரூ கழற்றாதீங்க.

பேட்டை டிசைன்:

வயர் மாற்றினேன், மாற்றமில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் காட்டுகிறது. 05 பூஜ்யம். சி5-இல் எண் இருக்கிறது, நேற்று 18, இன்று காலை 18-க்கு மேல். இதுவே பயமாக இருக்கிறது.

ராயபுரம் லினக்ஸ்:

சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்கள். அது ஏறுகிறது என்றால் டிஸ்க் தேய்ந்துகொண்டிருக்கிறது. இனி அந்த டிரைவை எந்த மென்பொருளிலும் நேரடியாக ஸ்கேன் செய்யாதீர்கள். போன வாரம் ஓட்டிய ஆறு மணி நேரமே அதற்கு அதிகம். இனி ஒரே ஒரு முறை படிக்க வேண்டும்: முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக ஒரு இமேஜ் கோப்பாக எடுத்துவிட்டு, மற்ற வேலையெல்லாம் இமேஜ் மேல்.

அதற்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை பென்டிரைவில் போட்டு லேப்டாப்பை அதிலிருந்து ஏற்றினால் டிடிரெஸ்க்யூவும் டெஸ்ட்டிஸ்க்கும் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் வேண்டாம், லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது. டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் நல்ல இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு கெட்ட இடத்தைத் தாண்டிப் போகும். பிறகுதான் திரும்பி வந்து சுரண்டும். சாதாரண காப்பி கெட்ட இடத்திலேயே தலையை முட்டிக்கொண்டு நிற்கும். மேப் கோப்பு ஒன்று கொடுக்க மறக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், நம் ஏரியாவுக்கென்றே செய்தது மாதிரி.

கட்டளையில் முதலில் வருவது கெட்ட டிரைவ், அடுத்தது இமேஜ் போகும் இடம், கடைசியில் மேப். இரண்டும் ஒரே அளவு டிரைவாக இருந்தால் மாற்றிக் கொடுத்துவிடுவீர்கள், நான் ஒரு தடவை கொடுத்திருக்கிறேன். புதிதாக 2 டிபி வாங்குங்கள், அளவை வைத்தே தெரிந்துவிடும். அது ஃபாட்32 என்ற பழைய வடிவத்தில் இருக்கக் கூடாது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு போகாது.

ஒரு நிமிஷம் யோசியுங்கள்: பிரிண்ட் போடும் இடத்துக்கு மெயிலில் ஜேபெக் அனுப்பியிருப்பீர்களே? நினைவு நாள் அவசரத்துக்கு மெயிலின் சென்ட் பக்கத்தைத் தேடுங்கள்.

பேட்டை டிசைன்:

மெயிலில் தேடினேன். கடைசி ஒன்றரை வருஷத்துக்கு இருக்கிறது. அதற்கு முன்னால் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்ததுதான். அக்காவின் அப்பா 2021 ஜூன். அந்த வருஷ ஃபோல்டர் மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரியது, ஏன் என்று உங்களுக்கே தெரியும். மே மாதத்தில் ஒரு நாள் ஒரே தெருவுக்கு மூன்று போஸ்டர் செய்தேன். இமேஜ் போட்டுவிட்டு வருகிறேன்.

பேட்டை டிசைன்:

நான்கு நாள் கழித்து வருகிறேன். இரண்டு இரவு, ஒன்றரைப் பகல் ஓடியது. 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று மணி நேரம் நகரவே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். நடுவில் ஒரு தடவை வயர் ஆடிக் கழன்றது. மேப் கோப்பு இருந்ததால் தொடர்ந்தது. கடைசியில் படிக்க முடியாமல் போனது 11 எம்பிதான்.

இமேஜை டிஎம்டிஇயில் திறந்தேன். ஃபோல்டர் மரம் அப்படியே வந்தது. பெயர், தெரு, தேதி எல்லாம். கடையில் யாரும் இல்லை, கொஞ்சம் சத்தமாகவே கத்திவிட்டேன்.

ஒரு விஷயம் மற்றவர்களுக்காக: டிஎம்டிஇயின் இலவசப் பதிப்பில் ஒரு முறைக்கு, திறந்து வைத்திருக்கும் ஃபோல்டரில் உள்ள கோப்புகளில் 4000 வரை எடுக்கலாம். உள்ளே உள்ள ஃபோல்டர்களோடு சேர்த்து மொத்தமாக அள்ள காசு கட்ட வேண்டும். நான் சோம்பேறி என்பதால் வருஷத்துக்கு ஒரே ஃபோல்டர், உள்ளே எதுவும் கிடையாது. ஆறு தடவையில் முடிந்தது. 2021-இல் நாற்பது ஐம்பது பிஎஸ்டி திறக்கவில்லை, சிலது பாதி சாம்பல் நிறம். அது அந்த 11 எம்பியா, முன்னால் ஓட்டிய ஸ்கேனா, தெரியாது.

கொருக்குப்பேட்டை சர்வீஸ்:

திறக்காத பிஎஸ்டியை வேற வியூவரில் போட்டுப் பாருங்க. போட்டோஷாப் சேவ் பண்ணும்போது ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ங்கிற வசதி ‘ஆன்’ல இருந்திருந்தா, லேயர் போனாலும் மொத்தப் படம் தனியா உள்ளே இருக்கும். அது தப்பிச்சிருக்கலாம். அந்தப் பழைய டிரைவை ஃபார்மட் பண்ணி மறுபடி கடையில் ஓட்டுற எண்ணம் இருந்தா விட்டுடுங்க.

பேட்டை டிசைன்:

பதினாலு வந்துவிட்டது அண்ணா, லேயர் இல்லாமல். முகம் இருக்கிறது, அது போதும். யூபிஎஸ் பேட்டரியும் வாங்கிவிட்டேன்.

அக்காவுடையது நன்றாகவே திறந்தது. நேற்று ஏலம் முடித்துக் கூடையோடு கடைக்கு வந்தார். இந்தப் பத்து நாள் கதை எதுவும் சொல்லவில்லை, திரையில் அப்பாவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இந்த வருஷம் சட்டையை வெள்ளையா மாத்திடு தம்பி” என்றார்.