கடலோர வீடு: 53 கிரேடா, பிபிசியா, ஸ்லாக் சிமெண்டா?

உப்புக்காற்று:
தூத்துக்குடியில் கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள் வீடு கட்டுகிறேன். அடுத்த வாரம் பில்லர். மேஸ்திரி, "53 கிரேடு ஓபிசிதான் (சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்) வேணும், பிபிசின்னா சாம்பல் கலந்தது"ங்கிறார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு சன்ஷேடு அடியில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி பல்லிளிக்குது. அதைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. எதை வாங்க?

கம்பிக்கட்டு:
53 என்பது 28 நாளில் வரும் பலம். உங்க வீட்டுக்கு எதிரி பலக்குறைவு இல்லை சார், உப்பு. காற்றில் வர்ற குளோரைடு கான்கிரீட்டோட நுண்துளை வழியா ஊறிக் கம்பியைத் தொட்டால் துரு ஆரம்பம். துரு இரும்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த சன்ஷேடை உடைச்சது அதுதான்.

சிமெண்ட் தண்ணியோட சேரும்போது சுண்ணாம்பும் உண்டாகுது. அனல்மின் நிலையச் சாம்பலும் ஸ்லாகும் (இரும்பு ஆலைக் கசடு) அதோட மெதுவா வினைபுரிஞ்சு துளைகளை அடைக்கும். இது கலப்படமே இல்லை. பிபிசியில் 15 முதல் 35 சதவீதம் சாம்பலுக்கு ஐ.எஸ். 1489 (இந்தியத் தர விதி) இடம் தருது, மூட்டையிலேயே அளவு அச்சிட்டிருக்கும். ஸ்லாக் சிமெண்டுக்கு ஐ.எஸ். 455, ஸ்லாக் 70 சதவீதம் வரை போகலாம். கடலோரம்னா நான் ஸ்லாக்தான் வாங்குவேன். புதுச் சரக்கு கிடைக்கலைன்னா பிபிசி.

ஆனா கான்கிரீட் போட்ட பிறகு தண்ணி விட்டு ஈரமா வைக்காம இதை வாங்குறது வீண். ஓபிசிக்கு 7 நாள், கலப்பு சிமெண்டுக்குக் குறைஞ்சது 10 நாள், முடிஞ்சா 14 என்கிறது ஐ.எஸ். 456. மூணாம் நாளே பில்லர்ல சாக்கு காய்ஞ்சு தொங்குறதை சைட் சைட்டா பார்க்கிறேன், வயிறு எரியுது. அப்படி விட்டா மேல்தோல் பொறபொறன்னு நின்னுடும், அதுக்கு ஓபிசியே மேல்.

மண்வாசி:
கடைக்காரர் கடலோரத்துக்கு எஸ்ஆர்சி (சல்பேட்டைத் தாங்கும் சிமெண்ட்) தான்னு சொல்றாரே?

கம்பிக்கட்டு:
அது மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இருக்கிற சல்பேட்டுக்கு. அதில் குறைச்சு வைக்கிற டிரைகால்சியம் அலுமினேட்ங்கிற சேர்மம்தான் குளோரைடைக் கொஞ்சமாவது பிடிச்சு வைக்கும். உப்புக்காற்றுக்காக மட்டும் எஸ்ஆர்சி வாங்க வேண்டாம்.

உப்புக்காற்று:
நன்றி சார். மேஸ்திரிகிட்ட வேற என்ன சொல்லணும்?

கம்பிக்கட்டு:
எம்30 தரக் கான்கிரீட். தண்ணி-சிமெண்ட் விகிதம் 0.45, அதாவது 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரெண்டரை லிட்டர், மணல்ல இருக்கிற ஈரமும் அதுக்குள்ளேயே அடங்கணும். இளகலையேன்னு பக்கெட்டைத் தூக்கினா தடுத்திடுங்க, தண்ணி கூட்டாமலே கலவையை இளக்குற பிளாஸ்டிசைசர் போட்டுக்கலாம். போர் தண்ணியை லேப்ல கொடுத்துப் பாருங்க. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடைத் தாண்டக்கூடாது.

கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடுற கான்கிரீட். ஜல்லித் துண்டைச் சொருக விடாம, கான்கிரீட் கவர் பிளாக்கா கேட்டு வாங்குங்க. உங்க பிளான்ல பில்லர் 9 இன்ச்சா? ரெண்டு பக்கமும் 45 விட்டா நடுவுல 140 மி.மீ.தான் மிஞ்சும், கம்பிக்கூடு நெருங்கிடும். பில்லர் கட்டுறதுக்கு முன்னாடி ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர்கிட்ட சைஸைத் திருத்தி வாங்கிடுங்க.