ஆச்சி காட்டிய இடம்

கேட்பவர்கள் சொல்கிற குறைகளில் எதை எடுத்துக்கொள்வது என்ற பேச்சில் நானும் ஒன்று சொல்கிறேன். நான் வில்லுப்பாட்டில் வலத்தே பாடுகிறவள், அதாவது கதையை நடத்திச் செல்கிற முதன்மைப் பாடகி. அம்பாசமுத்திரம் சுற்று வட்டாரத்தில் கொடை என்கிற கோயில் திருவிழாக்களில்தான் பெரும்பாலும் பாட்டு. முடிந்ததும் ‘நல்லா இருந்துச்சு’ என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள். சந்தோஷம்தான். ஆனால் அடுத்த ஊரில் எதை மாற்றிப் பாடுவது என்று அதில் தெரியாதே.

அன்று முத்துப்பட்டன் கதை. காரையார் சொரிமுத்தையனார் கோயிலில் தன் மனைவியரான அக்கா தங்கை பொம்மக்கா, திம்மக்காவோடு பட்டவராயனாக நிற்கிறாரே, அவர் கதைதான். ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு மலைக்குப் போய்ச் செருப்புக் காணிக்கை வைக்கிற சனம் கேட்க உட்கார்ந்திருக்கிறது. ஒரு வரி விட்டாலும் பிடித்துவிடுவார்கள்.

மாடு திருட வந்தவர்களை விரட்டிவிட்டு நிற்கிற பட்டனை, ஒளிந்திருந்த ஒருவன் குத்திவிடுகிறான். சேதி அக்கா தங்கைக்குப் போகிறது. எங்கள் குழுவில் அந்த இடத்தைத் துரிதமாகவே பாடி வந்தோம். குடமும் உடுக்கும் ஏறிக்கொண்டே போகும், கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

மதியக் கொடை முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: “எம்மா, உன் தொண்டைக்கு ஒரு கொறையும் இல்ல. அந்தப் பிள்ளைக ரெண்டும் சேதி கேக்குத எடத்துல ஏம்மா அந்த ஓட்டம் ஓடுத? நாங்க அழுது முடிக்கதுக்குள்ள நீ தீப்பாயுத எடத்துக்குப் போயிட்டியே.”

குடம் அடிக்கிற அண்ணனிடம் சொன்னேன். வேகம் குறைந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. சாமியாடிக்கு அருள் வரவேண்டிய வரத்துப் பாட்டில் அடி தளர்ந்தால் எல்லாம் போச்சு. ஆனால் ஆச்சி கேட்டது வேறு இடம்.

அடுத்த கொடையில் அண்ணனே ஒரு வழி சொன்னார். சேதி வந்ததும் அவர் உள்ளங்கையால் குடத்தின் வாயைப் பொத்திவிட்டார். உடுக்கும் நின்றது. நான் வில்லில் அடிக்கிற வீசுகோலை மடியில் வைத்துவிட்டுத் தாளமே இல்லாமல் ஒப்பாரியாக இழுத்தேன். வில்லில் கட்டிய மணிகள் மட்டும் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அப்புறம் அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை.

எல்லாக் குறையையும் எடுத்துக்கொள்வதில்லை. விழாக் கமிட்டி இளைஞர் ஒருவர் கதையைச் சுருக்கி, நடுநடுவே சினிமா மெட்டுப் போடச் சொன்னார். மரியாதையாகவே கேட்டார், மரியாதையாகவே மறுத்தேன். அவருக்கு இந்தக் கதை சீக்கிரம் முடிந்தால் போதும். ஆச்சிக்கோ அது இன்னும் வேண்டியிருந்தது. யார் சொல்வதைக் கேட்பது என்பதற்கு நான் பார்ப்பது இதைத்தான்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்கிற இலக்கிய ரசிகர் கூட்டத்தில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுபவித்தார்கள் என்று படித்திருக்கிறேன். பந்தலில் தரையில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்கிற ஆச்சிகளும் அப்படிப்பட்ட ரசிகர்கள்தான். இப்போது பாட்டு முடிந்ததும் நானே போய் அவர்களிடம் கேட்கிறேன்: “எந்த எடத்துல ஆச்சி மனசு ஒட்டல?” பாட்டு எப்படி என்று கேட்டால் நல்லா இருந்துச்சு என்பார்கள். இப்படிக் கேட்டால் இடத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

எங்களைப் போலவே கொடைகளில் கதை பாடி ஆடுகிற கணியான் கூத்துக்காரர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்: துக்கம் வருகிற இடத்தில் நீங்கள் மகுடம் என்கிற உங்கள் பறையை நிறுத்திவிடுவீர்களா, அடி குறைத்துத் தொடர்வீர்களா?